சூப்பர்ஹீரோக்களின் நாயைக் கடத்தினால் அவர்கள் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட மாதிரி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஐந்து பேர் கொண்ட சூப்பர்ஹீரோ குழுவை வைத்து ஒரு படக்கதை எழுதுகிறீர்கள். அவர்கள் வளர்க்கிற நாயை வில்லன் தூக்கிக்கொண்டு போய்ப் பெரிய தொகை கேட்கிறான். கதையைக் கேட்ட நண்பர்கள் சிரித்துவிட்டார்கள். "ஒருத்தன் பறக்கிறான், ஒருத்தன் சுவருக்கு அந்தப் பக்கம் பார்க்கிறான், இவங்க போய் ஒரு நாய்க்குப் பணம் கட்டுவாங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். இதில் லாஜிக் உண்டா என்பது நீங்கள் எழுதிய கேள்வி. ஆனால் கேள்வியை இரண்டு தடவை படித்தபோது வேறொன்று தெரிந்தது. உலகத்தையே தூக்கி நிறுத்துகிற ஆட்களை ஒரு நாயை வைத்துக் கையைப் பிசைய வைக்க முடியுமா, சிரிக்கிற வாசகனைப் பத்துப் பக்கத்துக்குள் கவலைப்பட வைக்க முடியுமா என்பதுதான் உங்கள் பயம். முடியும். அதற்கு வில்லனைப் பலசாலியாக்க வேண்டியதில்லை. நாயை நன்றாகத் தெரிந்துகொண்டால் போதும்.

நான் இருபது வருடத்துக்கு மேலாகக் காமிக்ஸுக்கு ஸ்கிரிப்ட் எழுதுகிறவன், பிறர் எழுதியதைத் திருத்துகிறவன். கடத்தல் வழக்கு எதையும் நேரில் கண்டவன் இல்லை. மிருக வைத்தியனும் இல்லை. கீழே நிஜச் சம்பவம் என்று சொல்வதெல்லாம் பதிவில் இருப்பவை. கதைக்கு எது எடுபடும் என்று சொல்வது என் கைப்பழக்கத்தில் வந்த அபிப்பிராயம். அதை நீங்கள் தாராளமாகத் தள்ளிவிடலாம்.

நண்பர்களின் சிரிப்பிலிருந்தே ஆரம்பிப்போம். கொடுப்பவன் பலவீனமாக இருப்பதால்தான் பிணைத்தொகை கேட்க முடிகிறது என்று அவர்கள் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கொடுப்பவனுக்கு இடம் தெரியாததால்தான் கேட்க முடிகிறது. மலையைப் பெயர்த்து வைக்கிறவனுக்கும் எந்த மலை என்று யாராவது சொல்லியாக வேண்டும். பறக்கிறவனுக்கு மேலிருந்து தெரிவது கூரைகள். சுவருக்கு அந்தப் பக்கம் பார்க்கிறவன் ஒவ்வொரு வீடாகப் பார்க்க வேண்டும், அதில் பாதி வீட்டில் ஏதோ ஒரு பழுப்பு நாய் படுத்திருக்கும். மனதைப் படிக்கிறவளுக்கு யார் மனதைப் படிப்பது என்று தெரியாது. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் குழுவிலேயே மோப்பம் பிடிக்கத் தெரிந்தது ஒரே ஆள்தான், அதைத்தான் கடத்திவிட்டார்கள். இந்த வரியை முதல் நான்கு பக்கத்துக்குள் யாராவது ஒரு பாத்திரம் சலிப்போடு சொல்லட்டும். உங்கள் நண்பர்கள் கேட்ட கேள்விக்குப் பதிலும் ஆயிற்று, ஒரு சிரிப்பும் ஆயிற்று.

எதையும் ஊடுருவவிடாத உலோக அறை, சக்தியை உறிஞ்சுகிற கல் என்று மட்டும் போய்விடாதீர்கள். என் மேஜைக்கு வருகிற ஸ்கிரிப்ட்களில் முக்கால்வாசி அந்தக் கதவு வழியாகத்தான் தப்பிக்கப் பார்க்கின்றன. அந்த அறையைக் கட்ட முடிந்த வில்லனுக்கு நாய் எதற்கு? நாயை ஒளித்துவைக்க ஒரு சாதாரண வீட்டின் பின்பக்கக் குளியலறை போதும். இடம் எவ்வளவு சாதாரணமோ அவ்வளவுக்குக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

அடுத்தது, நாய் எந்த மாதிரி நாய் என்பது. நீங்கள் அதற்கும் ஒரு சக்தி கொடுக்கலாமா என்று யோசிப்பதாக எழுதியிருந்தீர்கள். இதற்கு நீண்ட வரலாறு உண்டு. சூப்பர்மேனின் நாய் கிரிப்டோ 1955 மார்ச்சில் அட்வென்ச்சர் காமிக்ஸ் 210வது இதழில் வந்தது. எஜமானைப் போலவே பறக்கும், எஜமானைப் போலவே சக்தியைப் பறிக்கிற கிரிப்டோனைட் கல்லுக்குப் பயப்படும். 1962இல் நாய், பூனை, குரங்கு, குதிரை என்று வளர்ப்புப் பிராணிகளுக்கே ஒரு தனிக் குழு அமைத்துவிட்டார்கள். 1965இல் ஃபென்டாஸ்டிக் ஃபோர் இதழில் வந்த லாக்ஜா என்கிற பெரிய நாய் நினைத்த இடத்துக்குத் தாவிவிடும், கட்டிப்போட்டால் அடுத்த நொடி நிலவில் நிற்கும். இப்படிப்பட்ட பிராணியைக் கடத்தினால் 'எப்படிக் கட்டிப்போட்டான்?' என்பதுதான் கதையாகிவிடும். பணமும் பேரமும் பதற்றமும் ஓரத்துக்குப் போய்விடும். எந்தச் சக்தியும் இல்லாத, கொஞ்சம் வயதான, இடியோசைக்குப் பயப்படுகிற நாயாக இருந்தால்தான் உங்கள் கதை நிற்கும் என்பது என் எண்ணம்.

அதே 1955இல் வந்த இன்னொரு நாய் உங்களுக்கு அதிகம் பயன்படும். பேட்மேனின் ஏஸ். அதற்கு முகமூடி உண்டு. நாய்க்கு எதற்கு முகமூடி என்று கேட்டால், கதையில் ஒரு நல்ல காரணம் வைத்திருக்கிறார்கள். வழிதவறி வந்த அந்த நாயின் நெற்றியில் நட்சத்திரம் போல ஒரு வெள்ளைக் குறி. பேட்மேனின் நிஜப்பெயர் புரூஸ் வேய்ன். அந்தப் பெயரில் அவர் நாயின் சொந்தக்காரரைத் தேடி ஏற்கெனவே விளம்பரம் கொடுத்துவிட்டார். இப்போது பேட்மேனுடன் அதே நாய் சுற்றினால் இவர்தான் அவர் என்று யாரும் கணக்குப் போட்டுவிடலாம். அதனால் குறியை மறைக்க ஒரு முகமூடி. எழுபது வருடம் பழைய கதை, ஆனால் விஷயம் சரியாகப் பிடிபட்டிருக்கிறது. முகமூடிக்காரனின் வளர்ப்பு நாய்க்கு இரண்டு வாழ்க்கை இல்லை. வீட்டிலும் அதுதான், தலைமையகத்திலும் அதுதான்.

இதை இன்றைக்குக் கொண்டுவந்தால் மைக்ரோசிப். பெரும்பாலானவர்கள் ஸ்கிரிப்டில் தப்பு செய்கிற இடமும் இதுதான், அதனால் கொஞ்சம் நிற்கிறேன். நாயின் தோலுக்கடியில் வைக்கிற சிப் ஒரு அரிசி அளவு கண்ணாடிக் குப்பி. அதற்குள் பேட்டரி இல்லை, ஜிபிஎஸ் இல்லை. ஸ்கேனரை ஒட்டிப் பிடித்தால் சில சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு பதினைந்து இலக்க எண்ணைக் காட்டும், அவ்வளவுதான். அந்த எண் யாருடையது என்பது ஒரு பதிவேட்டில் இருக்கும். ஆகவே 'சிப்பை வைத்து இருப்பிடத்தைக் கண்டுபிடித்தார்கள்' என்று எழுதினால் நாய் வளர்க்கிற வாசகன் அந்தப் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவான். மாறாக, சிப் வில்லனுக்குத்தான் உதவும். அந்த எண்ணை வைத்துப் பதிவேட்டில் பெயரைத் தோண்டினால் குழுவில் ஒருவரின் நிஜப்பெயரும் வீட்டு முகவரியும் அவன் கைக்கு வந்துவிடும். ஐந்து பேரில் நாயைத் தன் பெயரில் பதிவு செய்தது யார்? இந்த ஒரு கேள்வி உங்கள் கதைக்கு இரண்டு அத்தியாயம் கொடுக்கும்.

குழு என்பதை நீங்கள் அலட்சியமாக விட்டிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகத் தெரிகிறது. தனி ஆளின் நாயைக் கடத்துவது ஒன்று, ஐந்து பேருக்குப் பொதுவான நாயைக் கடத்துவது முற்றிலும் வேறு. இதற்கு நாய் இல்லை, ஒரு குதிரை சாட்சி. ஷெர்கார் என்கிற பந்தயக் குதிரை 1981இல் இங்கிலாந்தின் பெரிய பந்தயமான எப்சம் டெர்பியைப் பத்து குதிரை நீள வித்தியாசத்தில் ஜெயித்தது. பிறகு இனப்பெருக்கத்துக்காக அயர்லாந்தில் கில்டேர் பகுதியில் உள்ள பாலிமெனி பண்ணையில் விட்டிருந்தார்கள். 1983 பிப்ரவரி 8ஆம் தேதி இரவு முகமூடி அணிந்தவர்கள் துப்பாக்கியோடு வந்தார்கள். குதிரையைப் பராமரித்தவரை மிரட்டி, அவரைக் கொண்டே குதிரையை வண்டியில் ஏற்றவைத்துக் கொண்டுபோனார்கள். அவரை வேறொரு வண்டியில் சுற்றவிட்டுப் பிறகு இறக்கிவிட்டார்கள். 20 லட்சம் பவுண்டு கேட்டார்கள்.

கேட்டது யாரிடம்? குதிரை, இஸ்மாயிலி முஸ்லிம்களின் தலைவரும் பெரும் பணக்காரருமான ஆகா கானுடையது என்பது உலகத்துக்குத் தெரியும். ஆனால் அதற்குள் அவர் குதிரையை நாற்பது பங்காகப் பிரித்து, ஆறைத் தனக்கு வைத்துக்கொண்டு மீதி முப்பத்து நான்கை ஆளுக்கு 2,50,000 பவுண்டுக்கு விற்றுவிட்டிருந்தார். அதாவது ஒரு பணக்காரரை மிரட்டினால் போதும் என்று வந்தவர்களுக்கு எதிரே இருந்தது ஒரு பெரிய கமிட்டி. ஒருவர் ஒன்று சொல்வார், இன்னொருவர் வேறு சொல்வார். இன்றைக்குக் கொடுத்தால் நாளைக்கு ஐரோப்பாவில் ஒரு குதிரைக்கும் பாதுகாப்பு இருக்காது என்ற வாதம் ஒரு பக்கம். உயிரோடு இருக்கிறது என்று முதலில் நிரூபிக்கட்டும் என்பது இன்னொரு பக்கம். பணம் கடைசிவரை போகவில்லை. குதிரையும் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை.

இதுவரை சொன்னது உறுதியானது. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக ஆயுதம் ஏந்திய ஐரிஷ் குடியரசுப் படைதான் செய்தது என்பது பரவலான நம்பிக்கை, அந்த இயக்கம் ஒப்புக்கொண்டதில்லை, நீதிமன்றத்தில் யாரும் தண்டிக்கப்பட்டதுமில்லை. சில நாளிலேயே கொன்றுவிட்டார்கள் என்று அந்த இயக்கத்திலிருந்து வெளியேறிய ஒருவர் பின்னாளில் எழுதினார். மிரண்டுபோன பொலிகுதிரையைச் சமாளிக்கத் தெரியாமல் போனதுதான் காரணம் என்றார். உண்மையாகவும் இருக்கலாம், கேள்விப்பட்டதை எழுதியதாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு எழுத்தாளனாக எனக்கு அந்தப் பகுதி உறைத்தது. கடத்தத் தெரிந்தவர்களுக்கு வைத்துக்காக்கத் தெரியவில்லை.

உங்கள் ஐந்து பேரும் அந்தக் கமிட்டிதான். அவர்களை ஒரே குரலில் "விடமாட்டோம்!" என்று கத்தவைக்காதீர்கள். தலைவன் கொள்கை பேசுவான்: மிரட்டலுக்குப் பணிந்தால் நாளைக்கு நம் அம்மா அப்பாவைத் தூக்குவார்கள். அவன் சொல்வது சரிதான் என்பதுதான் கஷ்டம். பணம் இருக்கிறவன் உடனே எடுத்து வீசப் பார்ப்பான், ஏனென்றால் அவனுக்குத் தெரிந்த ஒரே உதவி அதுதான். இன்னொருத்தி நாயைத் தடவிக்கூடக் கொடுத்திருக்கமாட்டாள், ஆனால் தினமும் ராத்திரி அது அவள் அறை வாசலில்தான் படுக்கும். அப்புறம் ஒருவன், குழுவிலேயே அற்பமான சக்தி உள்ளவன், எல்லோரும் மறந்துபோகிறவன், அவன்தான் நாயைக் குளிப்பாட்டுகிறவன், மருந்து கொடுக்கிறவன். இந்தக் கதையில் அவன்தான் ஹீரோ. மற்ற நால்வருக்கும் இது தெரியவருவதற்குப் பாதிக் கதை ஆகட்டும்.

உயிரோடு இருக்கிறதா என்கிற அந்த விஷயத்துக்கு வருகிறேன். மனிதரைக் கடத்தினால் குடும்பம் கேட்பது, அவருக்கு மட்டுமே பதில் தெரிந்த ஒரு கேள்வி. சின்ன வயதில் என்ன பட்டப்பெயர், கல்யாணத்தன்று என்ன தொலைந்தது, இப்படி. நாயிடம் என்ன கேட்பது? ஷெர்கார் விஷயத்தில் நாளிதழ் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக் குதிரையின் தலையைப் படமெடுத்து அனுப்பினார்கள். தலை மட்டும் தெரிகிற படத்தை நம்ப உரிமையாளர்கள் தரப்பு தயாராக இல்லை. இன்றைக்கு வீடியோவும் போதாது, எதை வேண்டுமானாலும் செயற்கையாக உருவாக்கிவிடலாம் என்று சின்னப் பையனுக்கும் தெரியும்.

இந்த இடத்தில் நானாக இருந்தால் வார்த்தை அதிகம் இல்லாத ஒரு பக்கம் வைப்பேன். ஐந்து பேரும் மேஜையைச் சுற்றி. நடுவில் போன், ஸ்பீக்கரில். தலைவன் கேட்கிறான், "நாய் உயிரோட இருக்குன்னு எப்படி நம்புறது?" அந்தப் பக்கம் சிரிப்பு. அப்போது அந்த நான்காவது ஆள், நாயைக் குளிப்பாட்டுகிறவன், குனிந்து, "போனைத் தரையில வை," என்கிறான். பிறகு வழக்கமாகச் சாப்பாட்டுத் தட்டை எடுக்கும்போது செய்கிற மாதிரி நாக்கைத் தட்டி இரண்டு முறை சத்தம் எழுப்புகிறான். ஒரு கட்டம் அமைதி. இன்னொரு கட்டம் அமைதி. மூன்றாவது கட்டத்தில், ஸ்பீக்கரிலிருந்து சின்ன எழுத்தில்: டப். டப். டப். வால் தரையில் அடிக்கிற சத்தம். நான்காவது டப் கொஞ்சம் தாமதமாக வர வேண்டும், அந்த நாயின் வால் எப்போதோ அடிபட்டதால் அப்படித்தான் அடிக்கும். அதைத் தெரிந்துவைத்திருப்பவன் அவன் ஒருவன்தான். உங்கள் நண்பர்கள் சிரிப்பை நிறுத்துகிற பக்கம் இது என்று நான் பந்தயம் கட்டுவேன்.

கொடுக்கலாமா கூடாதா என்பதற்கும் ஒரு பழைய நாய் இருக்கிறது. ஆங்கிலக் கவிஞர் எலிசபெத் பேரட்டின் ஸ்பேனியல், பெயர் ஃபிளஷ். லண்டனில் அந்தக் காலத்தில் நாய் பிடித்துப் பணம் பறிப்பது ஒரு முழுநேரத் தொழில். 1845இல் நாய்த்திருட்டுக்கென்றே தனிச்சட்டம் கொண்டுவந்தார்கள். திருடியவனுக்கு மட்டுமில்லை, 'மீட்டுத் தருகிறேன்' என்று கூட்டுச் சேர்ந்து காசு வாங்குகிறவனுக்கும் அதில் தண்டனை. சட்டம் வந்த மறுவருடம் ஃபிளஷ் மூன்றாவது முறையாகத் திருடப்பட்டது. மூன்றாவது முறை என்பதைக் கவனியுங்கள். முந்தைய இரண்டு தடவையும் பணம் கொடுத்து மீட்டிருந்தார்கள், அதனால்தான் மறுபடி வந்தார்கள். அவர் திருமணம் செய்யவிருந்த ராபர்ட் பிரௌனிங், இவர்களுக்குக் காசு கொடுப்பது தப்பு என்று கடிதத்தில் வாதாடினார். எலிசபெத் கேட்கவில்லை. வருடக்கணக்காக நோயாளியாக அறைக்குள் இருந்தவர், வண்டி பிடித்துத் தானே திருடர்களின் பேட்டைக்குப் போனார். நாய் வந்துசேர்ந்தது. சில நாளில் அந்த இருவரும் ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டு ஃபிளஷோடு இத்தாலிக்குப் போய்விட்டார்கள். பிரௌனிங் சொன்னதில் தப்பில்லை, எலிசபெத் செய்ததிலும் தப்பில்லை. உங்கள் குழுவின் சண்டை இந்தத் தராசில் இருக்க வேண்டும். எந்தப் பக்கமும் முட்டாளாகத் தெரியக்கூடாது.

கொடுப்பதாக முடிவானால் பேரம் பற்றி ஒரு வார்த்தை. இதைத் தொழிலாகச் செய்கிறவர்கள் கடைப்பிடிப்பதாக எழுதப்பட்டிருக்கிற முறை எளிமையானது. முதலில் குறைவாகச் சொல்வார்கள், ஒவ்வொரு முறையும் ஏற்றுகிற தொகையைச் சிறிதாக்கிக்கொண்டே போவார்கள். பாத்திரம் வற்றிவிட்டது, இதற்கு மேல் சுரண்டினால் அலுமினியம்தான் வரும் என்று எதிராளிக்குப் புரியவைப்பதுதான் நோக்கம். கேட்டதை உடனே கொடுத்தால் 'இன்னும் இருக்கிறது போல' என்றுதான் தோன்றும். உங்கள் பணக்கார ஹீரோ முதல் அழைப்பிலேயே "சரி" என்று சொல்லிவிட்டால், ஒரு மணி நேரத்தில் தொகை இரட்டிப்பாகி வரும். இதை அவன் செய்தே ஆக வேண்டும். நல்ல எண்ணத்தால் நடக்கிற கேடு கதைக்கு வில்லனைவிட அதிகம் உதவும்.

வில்லன் ஏன் மனிதரைக் கடத்தாமல் நாயைக் கடத்துகிறான் என்றும் யாராவது கேட்பார்கள். சட்டம் ஒரு பதில். பெரும்பாலான நாடுகளில் கடத்தல் என்கிற குற்றம் மனிதருக்குத்தான். நாயை எடுத்துப்போனால் அது திருட்டு, அதாவது சைக்கிளை எடுத்துப்போன மாதிரி. பணம் கேட்டால் அதோடு மிரட்டிப் பறித்தல் சேரும். இங்கிலாந்தில் 2024இல்தான் நாய், பூனையைக் கொண்டுபோவதற்கென்று தனிக் குற்றம் உருவாக்கினார்கள், ஐந்து வருடம் வரை சிறை. ஆனால் சட்டப் புத்தகம் பார்த்துத் திட்டம் போடுகிற வில்லனை எனக்குப் பிடிப்பதில்லை. யாருடைய நாய் என்றே தெரியாமல் தூக்கியவன்தான் எனக்குப் பிடித்தவன்.

இதுவும் கற்பனை இல்லை. 2021 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸில் பாடகி லேடி காகாவின் இரண்டு பிரெஞ்சு புல்டாக்களைப் பறித்துக்கொண்டு போனார்கள். நடைக்குக் கூட்டிப்போனவரைச் சுட்டார்கள், அவர் பிழைத்துக்கொண்டார். குறிவைத்தது அந்த ஜாதி நாய்க்குச் சந்தையில் உள்ள விலையைத்தான், சொந்தக்காரர் யார் என்று திருடர்களுக்குத் தெரியாது என்பது போலீசாரின் முடிவு. அவர் 5,00,000 டாலர் பரிசு அறிவித்தார், கேள்வி கேட்கமாட்டோம் என்றும் சொன்னார். இரண்டு நாளில் ஒரு பெண் நாய்களைக் கொண்டுவந்து ஒப்படைத்தார். பிறகு அந்தப் பெண்ணே திருட்டோடு தொடர்புடையவர் என்று வழக்கில் சிக்கினார், அதற்கப்புறமும் பரிசுத் தொகை கேட்டு நீதிமன்றம் போய்த் தோற்றார். இந்தக் கடைசித் துணிச்சலை நான் ஸ்கிரிப்டில் எழுதியிருந்தால் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள். உங்கள் கதைக்கு இதிலிருந்து கிடைப்பது ஒன்று. சில்லறைத் திருடன் ஒருவன் பூங்காவில் நாயைத் தூக்குகிறான், பணக்கார ஹீரோ அவசரப்பட்டுப் பரிசு அறிவிக்கிறான், அந்த அறிவிப்பைப் பார்த்தபிறகுதான் தன் குளியலறையில் கட்டியிருப்பது யாருடைய நாய் என்று திருடனுக்குத் தெரிகிறது. இப்போது பயப்படுகிறவன் அவன். பயந்த ஆளிடம் நாய் இருப்பது, கெட்டவனிடம் இருப்பதைவிட ஆபத்து.

கெடு வைப்பதற்கு வெடிகுண்டும் டிக்டிக் கடிகாரமும் வேண்டாம், பிராணியின் உடம்பே கடிகாரம். பூனையாக இருந்தால், பயந்த பூனை சாப்பாட்டைத் தொடாது. தொடர்ந்து சில நாள் சாப்பிடாத பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர ஆரம்பித்து உயிருக்கே ஆபத்தாகலாம், அதுவும் கொழுத்த பூனைக்குச் சீக்கிரம். நாய் என்றால் என் யோசனை சர்க்கரை வியாதி. நாய்களுக்கு அது வரும், பெரும்பாலும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, சாப்பாட்டை ஒட்டி, இன்சுலின் ஊசி போட வேண்டியிருக்கும். காலை ஊசி போட்ட பிறகு கடத்திவிட்டான் என்று வையுங்கள். ராத்திரிக்குள் அந்த நான்காவது ஆள், நாயைத் திருடியவனுக்கே போனில் ஊசி போடச் சொல்லித்தர வேண்டும். இதைவிட நல்ல காட்சியை என்னால் யோசிக்க முடியவில்லை. "தோலை விரலால கூடாரம் மாதிரி தூக்கிப் பிடி. அதுக்குள்ள. இல்ல, கை நடுங்கக்கூடாது, அதுக்குத் தெரிஞ்சிடும்." இங்கே ஒரு தகவலைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். விலங்குகளுக்கென்று விற்கிற இன்சுலின் பல, ஒரு மில்லிக்கு 40 யூனிட். மனிதர்களுக்கு உலகம் முழுக்கப் பரவலாக இருப்பது 100 யூனிட். 100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் கோடு பார்த்து ஏற்றினால் இரண்டரை மடங்கு போய்விடும், நாய் செத்துப்போகலாம். எந்த மருந்து, எந்த சிரிஞ்சு வாங்கினாய் என்று கேட்கிறபோது திருடன் உளறுகிற பதிலில்தான் கடை இருக்கிறது, கடையில்தான் தெரு இருக்கிறது. எக்ஸ்ரே பார்வைக்கு அப்போதுதான் வேலை வரும், ஒரு தெருவுக்கு மட்டும். எழுதி முடித்ததும் அளவுகளை ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

நான் பட்ட அடி ஒன்றையும் சொல்கிறேன். ஆரம்ப காலத்தில் இதே மாதிரி ஒரு கதை எழுதினேன். நாய் மூன்றாம் பக்கத்தில் காணாமல் போகும், இருபத்தோராம் பக்கத்தில் திரும்ப வரும். நடுவில் துரத்தல், சண்டை, ஹெலிகாப்டர், எனக்கு ரொம்பத் திருப்தி. வெளியான பிறகு பென்சிலில் எழுதிய ஒரு கடிதம் வந்தது. எழுதிய குழந்தைக்கு எட்டோ ஒன்பதோ வயதிருக்கும். சண்டை நன்றாக இருந்ததாம். 'ஆனா நாய்க்கு மூணு நாளா யாரு சாப்பாடு வெச்சாங்க?' என்று கேட்டிருந்தது. என்னிடம் பதில் இல்லை. பதினெட்டுப் பக்கம் நாயைப் பற்றி நானே நினைக்கவில்லை. அதை ஒரு பெட்டி மாதிரி எடுத்துவைத்துத் திருப்பி எடுத்திருக்கிறேன். அன்றிலிருந்து யார் இப்படிப்பட்ட ஸ்கிரிப்ட் கொண்டுவந்தாலும் நான் முதலில் தேடுவது, நாய் தனியாக இருக்கிற பக்கங்கள் எங்கே என்பதுதான். தண்ணீர்க் கிண்ணம், கதவிடுக்கு, வெளியே போகிற காலடிச் சத்தத்துக்கு நிமிர்கிற காது. அடைத்துவைத்தவன் முதல் நாள் தூரத்திலிருந்து தட்டைத் தள்ளுவான், மூன்றாம் நாள் பக்கத்தில் உட்கார்ந்து தன் ரொட்டியில் பாதி பிய்த்துப் போடுவான்.

முடிவில் சண்டை வேண்டாம் என்று சொல்லமாட்டேன், வாசகன் காசு கொடுத்து வாங்குகிறான், ஒரு சுவராவது உடையட்டும். ஆனால் அந்த வீட்டில் நான்கைந்து பேரைப் பிடித்து வரிசையாக நிறுத்தியிருக்கும்போது, யார் கடத்தியது என்று எல்லோரும் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். மனதைப் படிக்கிறவள் களைத்துப்போயிருப்பாள். அப்போது நாயை அவிழ்த்துவிடுங்கள். அது நான்காவது ஆளின் முகத்தை நக்கும், அறை வாசலில் படுக்கிறதே அந்தப் பெண்ணின் காலைச் சுற்றும். பிறகு அந்த வரிசைக்குப் போய், கடைசியில் தலைகுனிந்து நிற்கிற ஒருவனின் காலடியில் உட்கார்ந்துகொண்டு வாலைத் தரையில் அடிக்கும். டப், டப், டப். கொஞ்சம் தாமதமாக, டப்.